ஐஸ்கட்டி மச்சானும் ஆடாத ரயிலும்

லிஃப்ட்காரர் ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட ஆரம்பித்தார். அந்த வாரம் முடிவதற்குள், பக்கத்து அறையில் யாராவது தும்மினால் இந்த அறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. மேஜை இழுப்பறைகள் இழுக்கும் முன்பே மடியில் வந்து உட்கார்ந்தன. தையல் மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உத்தியோக காலம் முழுக்க உயரமான கட்டடங்களில் லிஃப்டுகளைப் பராமரித்த மனிதர் அவர். ஏறினவனுக்கு ஏறினது தெரியக் கூடாது, இறங்கினவனுக்கு இறங்கினது தெரியக் கூடாது, அதுதான் தொழில் என்று வாழ்ந்தவர். அவருடைய லிஃப்டில் போனவர்கள், கதவு திறந்ததும் இன்னும் கிளம்பவே இல்லை என்று நினைத்து மறுபடி பட்டனை அழுத்துவார்களாம். அப்படி ஒரு பேச்சு ஊரில் உண்டு. பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான்.

அவர் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். ஊரே ஒரே நேரத்தில் காதில் கத்தினாலும் அசராத அம்மாள். ஆனால் இந்த நிசப்தம் அவரையே ஆட்டிவிட்டது. புருஷன் எந்தக் கதவு வழியாக எப்போது பின்னால் வந்து நிற்கிறார் என்று தெரியாமல் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு, வீட்டில் கைப்பிடியோடு இருந்த கோப்பைகளே அருகிப் போயின.

“ஏங்க,” என்றார் ஆபரேட்டரம்மா கடைசியில். “இந்த வீட்ல சத்தம் போடற சாமான்னு மிச்சம் இருக்கறது நான் ஒருத்திதான். எனக்கும் எண்ணெய் போடறதுக்குள்ள எங்கயாவது வேலையப் பாத்துட்டுப் போங்க.”

பின்னால் உருவான குடும்பப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டிய பேச்சு இதுதான். வேறு எந்தப் பெரிய மனிதரும் வந்து நாடா வெட்டவில்லை.

லிஃப்ட்காரர் போன இடம், மனைவியின் அண்ணன் மூடிப் போட்டிருந்த பழைய ஐஸ் ஃபேக்டரி. நாலு தெருக்கள் சேர்ந்து படுத்துப் புரளலாம் போன்ற கூடம், அதற்கு மேலே ஒரே ஒரு மாடி, பின்னால் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் குளிர்விப்புக் கோபுரம். அதன் சொந்தக்காரரான மச்சானை ஊரில் எல்லோரும் ஐஸ்கட்டி என்றுதான் சொல்வார்கள். ஐஸ் விற்றதால் மட்டும் வந்த பெயரல்ல. கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் ஒரே முகத்தோடு போய்வருகிறவர். ஒருமுறை அம்மோனியாக் குழாய் வெடித்து ஃபேக்டரியில் இருந்தவர்கள் தெருமுனை வரை ஓடியபோது, அவர் கையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தைக் கடைசிச் சுளை வரை தின்று முடித்து, கொட்டைகளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அப்புறம்தான் எழுந்து போய் வால்வை மூடினார்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பழைய ஹோட்டலை இடித்தார்கள். அதில் தான் வளர்த்த பிள்ளை போல் பார்த்துக்கொண்ட லிஃப்ட் ஒன்று இருந்ததை நினைத்து லிஃப்ட்காரர் நெஞ்சு பதறி ஓடினார். கண்ணாடியும் பித்தளைக் கம்பியுமாக இருந்த அந்தக் கூண்டைப் பழைய இரும்புக்காரனின் வாயிலிருந்து பிடுங்கி, ஐஸ் ஃபேக்டரியில் கொண்டுவந்து மாட்டினார். கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே. ஒரே மாடி. வேலை முடிந்ததும் தானே ஏறினார், தானே இறங்கினார், தானே பாராட்டிக்கொண்டார்.

ஒரு விடுமுறை நாளில் உறவுக்காரர்கள் திரண்டு வந்தார்கள். வந்த பிள்ளைகள் லிஃப்டுக்குள் புகுந்தவர்கள் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. பிடித்து இழுத்து வெளியே போட்டால், அடுத்த மாடி எப்போது வரும் என்று கேட்டார்கள். அடுத்த மாடி என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்ல லிஃப்ட்காரருக்கு நாக்கு எழவில்லை. அதனால் அறுபது மாடிக்குப் பட்டன் வைத்தார்.

சேதி பரவி ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வர ஆரம்பித்த பிறகு குடும்பத்தில் ஒருவருக்கும் உட்கார நேரமில்லை. லிஃப்ட் கீழே போய்த் திரும்பி வருவதற்குள், மேல்மாடியில் ஆபரேட்டரம்மாவும் மகளும் சக்கரம் வைத்த அறைகளைத் தள்ளி மாற்றுவார்கள். பதினேழாவது மாடி என்று அழுத்தினால் கதவு திறக்கும் இடத்தில் மணல், அலைச் சத்தம், முகத்தில் உப்புக் காற்று. முப்பத்தெட்டாவது மாடியில் தலைகீழ்ச் சமையலறை. மேஜை நாற்காலி எல்லாம் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும், பூனை மட்டும் தரையில் உட்கார்ந்து நம்மைத்தான் சந்தேகமாகப் பார்க்கும். அறுபதாவது மாடியில் நிஜமான பனி. ஐஸ் ஃபேக்டரியில் அதற்குப் பஞ்சமா? கீழே இறங்கி வந்த பிள்ளைகள் கட்டடம் மேகத்துக்குள் போகிறது என்று சாதித்தார்கள். வெளியே நின்ற பெரியவர்களில் சிலர் அண்ணாந்து மாடிகளை எண்ணிவிட்டு, எதற்கு வம்பு என்று தலையாட்டினார்கள்.

மகள் பல் டாக்டர். க்ளினிக் இல்லாத நேரங்களில் வந்தவள், பழைய கொதிகலன் அறையைப் பிரம்மாண்டமான வாயாக மாற்றிவிட்டாள். கவிழ்த்துப் போட்ட குளியல் தொட்டிகள்தான் பற்கள். தரை துடைக்கும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் உள்ளே போய்ப் பல் விளக்க வேண்டும். மூலைக் கடைவாய்ப் பல்லை விட்டுவிட்டால் நாக்கு தானாக எழும்பி முகத்தில் தண்ணீரைத் துப்பும். இரண்டு தடவை துப்பு வாங்கிய பிள்ளைகள் வீட்டிலும் கடைவாய்ப் பல்லை விடுவதில்லை. அவளுடைய க்ளினிக்கில் கூட்டம் குறைந்ததுதான் மிச்சம். ஆபரேட்டரம்மா பங்குக்கு டெலிபோன் கூடம். எக்ஸ்சேஞ்சில் கழித்துப் போட்ட, லைன் இணைக்கும் பலகைகளில் வயரைச் செருகினால், பூங்காவின் எந்த மூலையில் உள்ள போனிலும் யார் பேசுவதையும் கேட்கலாம். லாரிக்கு ஐஸ்பாளம் சறுக்கிவிட்ட சரிவுகளில் இப்போது சாக்குப் பையில் உட்கார்ந்து பிள்ளைகள் சறுக்கினார்கள். கீழே இறங்கும் எஸ்கலேட்டரில் மேலே ஏறும் போட்டியில் ஜெயித்தவர்கள் பட்டியலில் ஒருவரும் இல்லை. அதனால்தான் அதற்கு அவ்வளவு கூட்டம்.

பெயர்ப் பலகைக்கு என்ன எழுதுவது என்று யோசித்தபோது ஐஸ்கட்டி மச்சான்தான் வழி சொன்னார். “உங்க குடும்பமே சம்பளமில்லாம அங்கதானே கெடக்குது மாப்ளே. குடும்பப் பூங்கான்னு எழுதுங்க.”

அதே மச்சான்தான் தலையில் கல்லையும் போட்டார்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் தினமும் பூங்காவைச் சுற்றுவது வழக்கம். சுற்றி முடித்ததும் நிழலில் போட்டிருந்த பெஞ்சுகளில் ஒன்றில் உட்கார்வார். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து அவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். ஒருநாள் சாயங்காலம் டீ குடிக்கும்போது அதனால் எடுத்த முடிவை முதலில் சொன்னார். கோல்ட் ஸ்டோரேஜ் கம்பெனிக்காரர்கள் இடத்தைக் கேட்கிறார்களாம். விடுமுறை முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறாராம்.

ஆபரேட்டரம்மாவின் கோப்பை, இருந்த கைப்பிடியையும் இழந்தது.

“பசங்க சிரிக்குதுங்க மாப்ளே, இல்லேங்கல,” என்றார் மச்சான். “கூட்டிட்டு வர்ற அப்பன் ஆத்தா எல்லாம் என்ன பண்றாங்க? பெஞ்சுல உக்காந்து கொட்டாவி விடறாங்க. பக்கத்துல உக்கார்ற எனக்கும் ஒட்டிக்குது. ஒரு தடவ கூட்டிட்டு வர்றாங்க, ரெண்டு தடவ கூட்டிட்டு வர்றாங்க, அப்புறம் பசங்களுக்கு ஏதாவது பொம்மைய வாங்கிக் குடுத்து வீட்லயே உக்கார வச்சிடறாங்க. பாதிக் குடும்பம் தூங்குற எடத்துக்குக் குடும்பப் பூங்கான்னு போர்டா?”

அதில் பொய் இல்லை. பெஞ்சுகளைத் துடைப்பவரே லிஃப்ட்காரர்தான். தலை சாய்த்த எண்ணெய்க் கறை எங்கெங்கே இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

“அப்ப பெரியவங்களும் ஏறுற மாதிரி ஒண்ணு செஞ்சிட்டா?” என்று கேட்டார்.

“செய்ங்க. என்னையே ஏத்துங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என்னக் கத்த வச்சிட்டீங்கன்னா இந்த எடத்துல பூங்காவத் தவிர வேற எதுவும் வராது. என் வாயால சொல்றேன்.”

“அண்ணே, இது அநியாயம்,” என்றார் ஆபரேட்டரம்மா. “நீ பொறந்தப்பவே அழலையாமே. டாக்டருதான் அழுதாராம்.”

லிஃப்ட்காரர் மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. மனிதர்களை உயரத்துக்குத் தூக்கிப் போய் இறக்குவதை விட்டால் அவர் வாழ்க்கையில் வேறு என்ன செய்திருக்கிறார்? அன்றைக்கே ஒரு கரித்துண்டை எடுத்துக் கூடத்துச் சுவரில் ரோலர் கோஸ்டர் ஒன்றை வரைந்தார். கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து பல் டாக்டரின் வாய்க்கு மேலாகப் பாய்ந்து, கூரையைச் சுற்றி, இன்னொரு மேட்டில் ஏறி, அங்கிருந்து பாதாளத்தில் விழுந்து வந்து சேரும் ரயில். மகள் அதை அண்ணாந்து பார்த்தாள். அப்பா, இது போதும், படத்தைக் காட்டினாலே மாமா கத்திவிடுவார் என்றாள்.

கழித்துப் போட்ட லிஃப்டுகளின் தண்டவாளங்கள் ஊரில் எங்கெங்கே கிடக்கின்றன என்று அவருக்குத் தெரியும். எல்லாம் வந்து சேர்ந்தன. பழைய கூட்டாளிகள் வெல்டிங் மெஷினோடு வந்து சேர்ந்தார்கள். ரயில் வளர்ந்தது. வளர்ந்த கையோடு லிஃப்ட்காரர் அரத்தை எடுத்துக்கொண்டு ஏறினார். இரண்டு தண்டவாளங்கள் சேரும் ஒவ்வொரு இணைப்பையும் ராவினார், விரலால் தடவினார், கன்னத்தை வைத்துப் பார்த்தார், மறுபடி ராவினார். ஈ நடந்தால் வழுக்கி விழும் என்ற பதம் வரும் வரை விடவில்லை.

லிஃப்ட் தொழிலில் ஒரு பரிசோதனை உண்டு. ஓடுகிற கூண்டின் தரையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தி வைப்பார்கள். மேலே போய்க் கீழே வரும் வரை அது விழாமல் நின்றால் அந்த மெக்கானிக் மெக்கானிக். விழுந்தால் அவன் வேறு வேலை பார்க்கலாம். லிஃப்ட்காரர் கையில் நாணயம் விழுந்ததே இல்லை. ரயில் முடிந்த அன்று, முன்வரிசை இருக்கைக்கு எதிரே இருந்த பலகையில் நாணயத்தை நிறுத்தினார். ரயில் கோபுரத்தில் ஏறியது, பாய்ந்தது, சுழன்றது, பாதாளத்தில் விழுந்தது, வந்து நின்றது. நாணயமும் நின்றது. லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கீழே இருந்தவர்களிடம் அதைச் சுட்டிக் காட்டிக் காட்டிக் கை வலித்தது.

அரசாங்கத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு போல்ட்டையும் சுத்தியலால் தட்டி, ரயிலில் உட்கார்ந்து ஒரு சுற்றும் வந்தார். வந்து நின்ற பிறகும் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. எப்போது ஓட்டிக் காட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். இதைவிடப் பெரிய பாராட்டு உலகத்தில் உண்டா? லிஃப்ட்காரருக்கு வாயெல்லாம் பல்.

பெஞ்சிலிருந்து சில அப்பா அம்மாக்களைக் கெஞ்சிக் கூப்பிட்டு உட்கார வைத்து வெள்ளோட்டம் விட்டார்கள். ஒருவர் பேப்பரை விரித்தபடியே ஏறினார். பாதாளத்தில் விழும்போது பக்கத்தைப் புரட்டினார். ஒரு அம்மாள் பின்னல் ஊசியில் ஒரு கண்ணிகூட நழுவவிடவில்லை. கூடவே ஏறியிருந்த மகள் இறங்கும்போது கன்னத்தில் இருக்கைத் தையலின் தடம் பதிந்திருந்தது. தூங்கிப் போயிருந்தாள்.

“எப்படி?” என்றார் லிஃப்ட்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

ஆபரேட்டரம்மா அவரைத் தனியே டெலிபோன் கூடத்துக்கு அழைத்துப் போனார். கல்யாணமான நாளிலிருந்து புருஷனுக்குக் கெட்ட செய்தி சொல்ல நேர்ந்தபோதெல்லாம் செய்வது போல், முதலில் அவரை உட்கார வைத்தார்.

“ஏங்க, ரோலர் கோஸ்டருன்னா வயிறு வாய்க்கு வரணும். நீங்க லிஃப்டு செஞ்சி வச்சிருக்கீங்க. படுத்துக்கிட்டு ஓடற லிஃப்டு.”

அவருக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் கோபம்தான் வந்தது. மகள் வந்து சமாதானமாக ஒரு யோசனை சொன்னாள். அங்கங்கே நாலு இணைப்பைச் சொரசொரவென்று விட்டுவிட்டால் போதும், குலுங்கும். ஆபரேட்டரம்மா, உச்சியில் போய் ரயிலைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தாலே மனிதர்கள் பதறுவார்கள் என்றார். எக்ஸ்சேஞ்சில் லைனில் காத்திருக்கச் சொன்னால் எவ்வளவு பெரிய மனிதரும் பைத்தியமாகிவிடுவதைப் பார்த்தவர். லிஃப்ட்காரர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். குலுக்குவதா? நடுவழியில் நிறுத்துவதா? அதற்கு அவரை உயிரோடு கொதிகலனில் போட்டுவிடலாம்.

“என் கையால ஒரு குலுக்கல் வராது. இந்த ஒசரத்துல இருந்து விழுந்தா ஐஸ்கட்டியும் உருகும். நீங்க வேணா பாருங்க,” என்று எழுந்து போய்விட்டார்.

அப்படிச் சொன்னவர் மறுநாள் காலை பல் டாக்டரின் வாய்க்குள் போய் நின்றபோது, நாக்கின் நடுவே ஒரு நீளமான சாக்பீஸ் கோடு கிடந்தது. கோல்ட் ஸ்டோரேஜ்காரர்கள் முந்தின நாள் சாயங்காலமே டேப்பைப் பிடித்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் மீன், அந்தப் பக்கம் காய்கறி என்று எழுதியும் வைத்திருந்தார்கள். லிஃப்ட்காரர் செருப்பால் கோட்டைத் தேய்த்தார். சாக்பீஸ் அழிந்தது. கொஞ்ச நேரம் ஒரு முன்பல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். துடைப்பத்தோடு வந்த பிள்ளைகள் எழுந்திருக்கச் சொன்னார்கள், பல் விளக்க வேண்டுமாம்.

சனிக்கிழமை மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரமாகப் பார்த்து மச்சான் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, அதே முகம். முன்வரிசையில் அவர், பக்கத்தில் லிஃப்ட்காரர். எதிரே பலகையில் லிஃப்ட்காரர் பழக்கதோஷத்தில் நாணயத்தை நிறுத்தினார். பக்கவாட்டில் ஒரு சிவப்புப் போன் தொங்கியது. லிஃப்ட் என்றால் உள்ளே அவசரப் போன் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். இது லிஃப்ட் இல்லையே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதை எடுத்தால் நேராக ஆபரேட்டரம்மாவின் பலகைக்குப் போகும்.

ஒலிபெருக்கியில் ஆபரேட்டரம்மாவின் குரல் வண்டி புறப்படுவதாக அறிவித்தது. பெஞ்சுகளில் இருந்தவர்களில் ஒருவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ரயில் கோபுரத்தில் ஏறியது. ஊர் முழுக்கக் காலடியில் தெரிந்தது, அடுத்த ஊரும் கொஞ்சம் தெரிந்தது. அங்கிருந்து தலைகுப்புற விழுந்தது. லிஃப்ட்காரர் மச்சானின் முகத்தையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் சட்டைப் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கூரையைச் சுற்றிச் சாய்ந்து பறந்தபோது அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மாட்டிக்கொண்டார்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க மாப்ளே,” என்றார், ரயில் கடைசி மேட்டில் ஏறும்போது. மனதார வருத்தப்பட்டுத்தான் சொன்னார். “கோல்ட் ஸ்டோரேஜ்காரங்க லிஃப்டுக்கு ஒரு நல்ல ஆள் வேணும்னு கேட்டாங்க. உங்களச் சொல்லி வைக்கறேன்.”

லிஃப்ட்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது நாணயம் விழுந்தது.

வெயிலில் தண்டவாளம் விரிந்து, மேட்டின் உச்சியில் ஏதோ ஓர் இணைப்பு மயிரிழை எழும்பியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். வேறு யாராவது என்றால் அது நடந்ததே தெரிந்திருக்காது. ஆனால் எண்ணெய் போட்ட மாதிரி போகும் அந்த ரயிலின் நிசப்தத்தில், நாணயம் பலகையில் விழுந்து உருண்ட ஓசை கோயில் மணி போல் கேட்டது. லிஃப்ட்காரருக்கு இரத்தம் முழுக்கக் காலுக்கு இறங்கிவிட்டது.

“அய்யய்யோ,” என்றார் மெதுவாக.

மச்சான் திரும்பிப் பார்த்தார். இந்த மாப்பிள்ளையை எவ்வளவு காலமாகப் பார்க்கிறார்! உச்சி மாடியில் ஒற்றைக் கம்பியில் தொங்கிக்கொண்டு டீ குடித்த ஆள். நிலநடுக்கம் வந்தபோது லிஃப்ட் குழிக்குள் நின்று மற்றவர்களை அதட்டிய ஆள். அந்த ஆளின் முகத்தில் இப்போது சுண்ணாம்பு அடித்திருந்தது. இருக்கையை விட்டுக் குனிந்து பக்கவாட்டில் காதை வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன மாப்ளே?”

“பேசாதீங்க மச்சான்.”

“என்ன ஆச்சுன்னு கேக்கறேன்.”

“இப்படி ஆனதே இல்லயே. என் சர்வீஸ்லயே இப்படி ஆனதில்லயே.” லிஃப்ட்காரரின் குரல் உடைந்தது. எந்த இணைப்பு, எந்த இணைப்பு என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் ஆள் இருப்பதே மறந்துவிட்டது. “போச்சு. எல்லாமே போச்சு.”

அந்த வார்த்தையோடு ரயில் மேட்டைத் தாண்டிப் பாதாளத்தில் விழ ஆரம்பித்தது. சத்தமில்லை, குலுக்கல் இல்லை, ஒன்றுமே இல்லை. உலகம் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. மச்சான் சிவப்புப் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

ஆபரேட்டரம்மாவின் பலகையில் விளக்கு எரிந்தது. அவசர அழைப்பு வந்தால் எல்லா லைனையும் திறந்துவிடு என்பது அவர் கைக்கே தெரிந்த பாடம். அவர் யோசிப்பதற்கு முன்பே கை செருகிவிட்டது. பூங்காவின் ஒலிபெருக்கிகளும், வாய்க்குள் இருந்த போனும், சறுக்குச் சரிவுப் போனும், தலைகீழ்ச் சமையலறையில் கூரையிலிருந்து தொங்கிய போனும் ஒரே சமயத்தில் வாய் திறந்தன.

“தங்கச்சீ, காப்பாத்தும்மா!”

அதற்குப் பிறகு வந்ததற்கு எழுத்து கிடையாது. பிறந்த அன்றைக்குப் போட வேண்டிய கூச்சலையும், அம்மோனியா வெடித்த அன்றைக்குப் போட்டிருக்க வேண்டிய கூச்சலையும், நடுவில் பாக்கி இருந்த அத்தனையையும் மச்சான் அந்த ஒரே இறக்கத்தில் சேர்த்துப் போட்டார். கோபுரத்துப் புறாக்கள் கிளம்பியவை மூன்றாவது நாள்தான் திரும்பின என்று சொல்கிறார்கள். எஸ்கலேட்டரில் கீழேயே நின்றிருந்த ஒருவர், இதைக் கேட்டதும் மேலே ஏறிவிட்டார்.

ரயில் பூப்போல வந்து நின்றது.

“எந்த ஜாயின்ட்டுன்னு இன்னும் பிடிபடல மச்சான்,” என்றார் லிஃப்ட்காரர், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. “உச்சியிலதான் எங்கயோ. ஒரு மயிரளவு.”

“மயிரளவு என்ன?”

“எழும்பியிருக்கு. காசு விழுந்துடுச்சே, பாக்கலையா நீங்க?”

மச்சான் பலகையில் படுத்துக் கிடந்த நாணயத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். தன் கையில் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்த போனைப் பார்த்தார்.

“காசு விழுந்ததுக்கா?”

“நின்னுட்டிருந்த காசு மச்சான்.”

ஓடிவந்த மகளும் ஆபரேட்டரம்மாவும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்கள். என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. மச்சான் போனை அதன் கொக்கியில் மாட்டினார். சட்டையை இழுத்துச் சரிசெய்தார். முகம் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. அப்புறம்தான் திரும்பிப் பெஞ்சுகளைப் பார்த்தார்.

பெஞ்சுகளில் ஒருவருமில்லை. பேப்பரை மடித்து இடுக்கிக்கொண்டு, பின்னல் ஊசியைப் பையில் சொருகிக்கொண்டு, எல்லா அப்பா அம்மாக்களும் ரயிலுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். வரிசை பல் டாக்டரின் வாய்க்குள் போய் வளைந்து வெளியே வந்து கேட்டைத் தொட்டது. இடித்துக்கொண்டு முன்னால் வந்த ஒருவரை, அவருடைய பிள்ளையே கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் கொண்டுபோய் விட்டது.

“கோல்ட் ஸ்டோரேஜ்காரங்களுக்கு லைன் போடும்மா,” என்றார் மச்சான் தங்கையிடம். “வேற எடம் பாத்துக்கச் சொல்லு.”

ஆபரேட்டரம்மா போனார், போகும்போது முந்தானையால் மூக்கைச் சிந்தியது ஒலிபெருக்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

லிஃப்ட்காரர் இதையெல்லாம் பாதிதான் காதில் வாங்கினார். அவர் அரத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தண்டவாளத்தில் ஏறத் தயாராக நின்றார். ஒரு மணி நேரம் ரயிலை நிறுத்தினால் இணைப்பைக் கண்டுபிடித்து ராவிவிடலாம். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, அது அப்படியே இருக்கட்டும்.”

“விழுதும்மா. காசு விழுது.”

“விழட்டும்ப்பா. நீங்க முன்னாடி உக்காருங்க. வேற எதுவும் செய்ய வேணாம். என் க்ளினிக்ல நான் வாயப் பாத்துட்டு அடடான்னு ஒரு வார்த்த சொன்னா போதும், ஊசி எடுக்கறதுக்கு முன்னாடியே நாற்காலியோட கைப்பிடி ஒடஞ்சிடுது. வண்டியில ஒரு சத்தமாவது இருந்தா நீங்க சொன்னது மாமாவுக்குக் கேட்டிருக்குமா?”

லிஃப்ட்காரர் வரிசையைப் பார்த்தார். பெஞ்சுகளில் எண்ணெய்க் கறைகள் மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அரத்தை இடுப்பிலிருந்து உருவினார், கையில் எடை பார்ப்பது போல் பிடித்திருந்தார், கடைசியில் மகளிடம் கொடுத்தார். ஒளித்து வைக்கச் சொன்னார். கண்ணில் பட்டால் தன்னால் தன்னை நம்ப முடியாதாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தண்டவாளம் தானாகப் படிந்துவிடும் என்று தனக்குத்தானே ஆறுதலும் சொல்லிக்கொண்டார்.

பிறகு முன்வரிசையில் ஏறி உட்கார்ந்தார். நாணயத்தை எடுத்து, விரலால் துடைத்து, நிறுத்தினார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பேப்பர்காரர் இது எதற்கு என்று கேட்டார்.

“இது விழாது,” என்றார் லிஃப்ட்காரர். அந்த உச்சி வரும் வரை ஒவ்வொரு தடவையும் அவர் அதை மனசார நம்பினார். அதனால்தான் அன்று பொழுது சாயும் வரை ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் சுண்ணாம்பு புதிதாக அடித்தது.

மச்சான் அவசரப்படவில்லை. மத்தியான டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். ஒலிபெருக்கியில் இரண்டாவது கூச்சலும் மூன்றாவது கூச்சலும் வந்துபோனதை, கச்சேரி கேட்பவர் போல் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கேட்டருகே வரிசையின் வாலில் போய் நின்றார். வாலில் நின்றவர்கள் வெளியூர்க்காரர்கள், இவர்தான் இடத்தின் சொந்தக்காரர் என்று அவர்களுக்குத் தெரியாது. அவருக்கு முன்னால் நின்றிருந்த தடித்த மனிதர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். திரும்பி, இவருடைய முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

“நீங்க ஏற்கெனவே போய்ட்டு வந்தீங்களா சார்? ரொம்ப பயமா இருக்குமா?”

“ஒண்ணுமே தெரியாது,” என்றார் மச்சான். “கண்ணு சொக்கிடும்.”

“அப்ப மொதல்ல ஒருத்தர் அவ்வளவு பெருசாக் கத்தினாரே?”

மச்சான் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வரிசை ஓரடி நகர்ந்தது, அவரும் நகர்ந்தார்.

“யாரோ பாவம், பயந்த சுபாவம் உள்ள ஆளு போலிருக்கு,” என்றார்.